வேலூரில் 100 எம்பி ஃபைபர் பிளான்: யாருக்குப் போதும், எங்கே சறுக்கும்

சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், தொரப்பாடி, பாகாயம் என்று ஊரின் எந்தப் பக்கத்தில் வீடு இருந்தாலும், நெட் போட விசாரித்தால் கைக்கு வருவது பெரும்பாலும் மூன்று வகை. பெரிய கம்பெனிகளின் ஃபைபர், தெரு கேபிள்காரர் இழுத்துத் தரும் ஃபைபர், மொட்டை மாடியில் டப்பா மாட்டும் 5ஜி ஏர்ஃபைபர். நோட்டீஸில் மூவரும் பெரிய எழுத்தில் போடுவது ஒரே ஒரு எண்ணைத்தான். அந்த எண் டவுன்லோடுக்கு உரியது. அப்லோடு எவ்வளவு, ராத்திரி ஒன்பது மணிக்கு எவ்வளவு மிஞ்சும், கொடுக்கும் பாக்ஸ் அந்த வேகத்தைத் தாங்குமா என்பதெல்லாம் கேட்டால்தான் வரும்.

இந்த விமர்சனம் நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் யோசிக்கும் 100 எம்பி பிளானைப் பற்றியது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அப்லோடும் 100 என்றால் நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு இது தாராளம். 200, 300 எம்பிக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டத் தேவையில்லை. அப்லோடு 10 எம்பியில் நிற்கும் என்றால், அதே விலைக்கு அது வேறு சரக்கு. வாங்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

100 எம்பி என்று எல்லோரும் சொல்வது நொடிக்கு 100 மெகாபிட். போனில் ஃபைல் இறங்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட் லைனில் அதிகபட்சம் 12.5 மெகாபைட் வரவேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகும் முகவரித் தகவலுக்கும் இடம் வேண்டுமே, அதைக் கழித்தால் நிஜத்தில் 11.5 முதல் 11.8 வரை. ஒரு ஜிபி படம் ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கினால் லைன் சரியாக இருக்கிறது. "நூறு போட்டேன், பதினொன்றுதான் வருது" என்று கேபிள்காரரிடம் சண்டைக்குப் போகும் பலரது லைனில் ஒரு குறையும் இருக்காது.

பேண்ட்வித் என்பது லைனின் கொள்ளளவு. ஒரு நொடியில் அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்ற எல்லை. ஸ்பீட் டெஸ்ட்டில் தெரிவது அந்த நேரத்தில் உண்மையில் எவ்வளவு போனது என்பது. இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு: நாம் அனுப்பிய கேள்விக்குப் பதில் திரும்பி வர ஆகும் நேரம். அதுதான் பிங், மில்லிசெகண்டில் சொல்வார்கள். பிளானை 100-லிருந்து 300-க்கு மாற்றினாலும் பேங்க் பக்கம் திறக்கும் நேரம் அப்படியே இருப்பது இதனால்தான். ஒரு பக்கம் திறக்க இறங்கும் டேட்டா சில மெகாபைட் மட்டுமே. ஆனால் அது இறங்கத் தொடங்கும் முன்பே பெயரைத் தேடி, சர்வரோடு கை கோத்து, பூட்டுச் சாவி மாற்றிக்கொண்டு என்று மூன்று, நான்கு முறை போய்வர வேண்டும். சர்வர் அமெரிக்காவில் இருந்து ஒரு நடைக்கு 200 மில்லிசெகண்ட் ஆனால், முதல் எழுத்து வருவதற்குள் அரை நொடிக்கு மேல் போய்விடும். கொள்ளளவைக் கூட்டினால் அந்தத் தூரம் குறையாது. சென்னையில் இருக்கும் சர்வர் என்றால் கதை வேறு. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வேலூரிலிருந்து சென்னை போய்த் திரும்ப ஒன்றரை மில்லிசெகண்ட் போதும். வழியில் உள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்து 10, 15 காட்டினால் நல்ல லைன்.

இப்போது வீட்டுக் கணக்கு. 4கே டிவிக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட், ஃபுல் எச்டிக்கு 5. ஹாலில் ஒரு 4கே, இரண்டு போனில் எச்டி, ஒரு பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு 3 மெகாபிட் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 28 மெகாபிட். 100-ல் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. மிச்சம் இருக்கும் 70 எப்போது உதவும் என்றால், போன் அப்டேட், கேம் டவுன்லோடு மாதிரி எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும் வேலைகளுக்கு. 60 ஜிபி கேம் இறங்க 100-ல் ஒன்றரை மணி நேரம், 300-ல் அரை மணி. அந்த ஒரு மணி நேர மிச்சத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவதா என்பது அவரவர் விருப்பம்.

அப்லோடுதான் வீடுகள் தடுக்கி விழும் இடம். வீடியோ மீட்டிங்கில் நம் முகம் மேலே போக ஃபுல் எச்டி என்றால் ஜூமுக்கு 3.8 மெகாபிட் வேண்டும். வீட்டில் இருவர் மீட்டிங்கில் இருந்தால் ஏறக்குறைய 8. கிளவுடில் சேமிக்கும் சிசிடிவி கேமரா நான்கு, ஒவ்வொன்றுக்கும் 2 என்று வைத்தால் இன்னொரு 8. போன் போட்டோக்கள் பின்னால் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். அப்லோடு 10 உள்ள லைன் இதில் நிரம்பி வழியும். அப்போது டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். இறங்கும் ஒவ்வொரு தொகுப்புக்கும் "வந்து சேர்ந்தது" என்று நம் பக்கமிருந்து ஒரு ரசீது மேலே போகவேண்டும், அந்த ரசீது வரிசையில் மாட்டிக்கொண்டால் எதிர்ப்பக்கம் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். டெஸ்ட்டில் 100 காட்டும் வீட்டில் யூடியூப் சுற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊரில் இன்னொரு தேவையும் சேர்கிறது. ஆஸ்பத்திரியில் டிஸ்கில் போட்டுத் தரும் சி.டி. ஸ்கேன் படத் தொகுப்பு சில நூறு எம்பி இருக்கும். 500 மெகாபைட் தொகுப்பை வேறு ஊர் டாக்டருக்கு அனுப்ப, 5 மெகாபிட் அப்லோடில் 13 நிமிடத்துக்கு மேல். 100-ல் 40 நொடி. நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கும் லாட்ஜ் நடத்துபவர்கள், ராத்திரியானால் அறைக்கு அறை ஊருக்கு வீடியோ கால் ஓடும் என்பதை நினைத்து, டவுன்லோடை விட அப்லோடைப் பார்த்தே பிளான் எடுக்க வேண்டும்.

அப்லோடு நிரம்புகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு பிங் ஓடவிடுங்கள். கடைசியில் மைனஸ் டி (-t) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். சும்மா இருக்கும்போது 15 காட்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெரிய வீடியோ ஒன்றை டிரைவில் ஏற்றுங்கள். பிங் 200, 300 என்று ஏறினால், ரவுட்டரோ, ஃபைபர் வந்து சேரும் பாக்ஸான ஓஎன்டியோ பாக்கெட்டுகளை நெடுவரிசையில் நிற்கவைக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரில் கியூஓஎஸ், அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு வேகம் என்று கட்டுப்படுத்தும் வசதி, இருந்தால் அப்லோடு எல்லையை லைன் அளவில் 85 முதல் 90 சதவீதத்தில் வையுங்கள். உச்ச வேகத்தில் கொஞ்சம் போகும். மீட்டிங்கில் குரல் உடைவது நிற்கும். காசு செலவில்லாத சீர்திருத்தங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ராத்திரி ஒன்பது மணி

பகலில் பறக்கும் லைன் இரவில் தவழ்ந்தால், கொள்ளளவைப் பலர் பங்கு போடுகிறார்கள் என்று பொருள். பெரிய கம்பெனிகளின் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் முறை, அதாவது ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பங்கு போடுவது. ஒரு போர்ட்டிலிருந்து 2.5 கிகாபிட் கீழே, 1.25 கிகாபிட் மேலே. அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். கேபிள்காரர்கள் பலர் அதே மாதிரி பங்கு போடும், விலை குறைந்த ஈபான் முறை வைத்திருப்பார்கள். அதில் இரு பக்கமும் 1.25 கிகாபிட், கையில் நிற்பது ஏறக்குறைய ஒரு கிகாபிட். 64 வீட்டுக்கு 100 வீதம் விற்றால் 6,400 மெகாபிட் ஆகிறது. இது ஏமாற்று வேலை இல்லை; எல்லோரும் ஒரே நொடியில் முழுவேகம் இழுப்பதில்லை என்பதால் உலகம் முழுக்க இப்படித்தான் விற்கிறார்கள். கோளாறு அதற்கும் மேலே வரும். கேபிள்காரர் சென்னைப் பக்கத்திலிருந்து மொத்தமாக வாங்கும் லைன் சின்னதாக இருந்து, சந்தாதாரர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனால், எட்டு மணி முதல் பதினோரு மணி வரை எல்லா வீட்டிலும் நெட் இழுக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே டெஸ்ட்டை நம்பக் கூடாது. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். அது உங்கள் கம்பெனியின் சொந்த சர்வராகவே இருக்கக்கூடும். அதில் 98 வரும். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காமில் அதே நிமிடம் 35 வந்தால், வீட்டிலிருந்து ஆபரேட்டர் வரை லைன் நன்றாக இருக்கிறது, அவரிடமிருந்து வெளியே போகும் வழிதான் நெரிசல். யூடியூப் மட்டும் நன்றாக ஓடி மற்றவை திணறுவதும் உண்டு. அடிக்கடி பார்க்கும் வீடியோக்களின் நகலை வைத்திருக்கும் கூகுளின் கேஷ் சர்வர் ஆபரேட்டரின் நெட்வொர்க்குக்குள்ளேயோ பக்கத்திலேயோ இருந்தால் அந்த வீடியோ நெரிசலைத் தாண்ட வேண்டியதே இல்லை. ஃபாஸ்ட் டாட் காமில் கூடுதல் தகவல் பட்டனை அழுத்தினால் அப்லோடும், லோடு உள்ளபோதும் இல்லாதபோதும் பிங்கும் காட்டும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் பேசினால் கஸ்டமர் கேரில் பேச்சு சீக்கிரம் முடியும்.

டெஸ்ட் எடுக்கும் முறையும் முக்கியம். போன் வைஃபையில் எடுத்த டெஸ்ட் லைனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ஓஎன்டியில் செருகி, வைஃபையை அணைத்து, மற்ற கருவிகளைத் துண்டித்து, காலை ஏழு மணிக்கு ஒரு முறையும் இரவு ஒன்பதரைக்கு ஒரு முறையும் எடுங்கள். காலை 95, இரவு 80 என்றால் நல்ல சேவை. இரவு 50-க்குக் கீழே ஒரு வாரம் தொடர்ந்தால் மாற்றுங்கள்.

எந்நேரமும் 94, 95-லேயே நின்றால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. மலிவான ஓஎன்டியிலும் பழைய ரவுட்டரிலும் லேன் போர்ட் 100 மெகாபிட் வகை. கழிவு போக அதில் 95-தான் வரும். 100 பிளானுக்கு அது குற்றமில்லை. 200-க்கு உயர்த்திய பிறகும் 95 என்றால் போர்ட்டையோ கேபிளையோ சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு லேன் கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். ஒரு கம்பி கேபிள் முனையின் கிளிப்பில் சரியாகப் படாமல் இருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விண்டோஸ் ஈதர்நெட் அமைப்பில் லிங்க் ஸ்பீட் 1000/1000 என்று இருக்கிறதா பாருங்கள்.

கொடுக்கும் பாக்ஸ்

குறைந்த விலை இணைப்பில் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒற்றை பேண்ட் ஓஎன்டி, அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளது, அட்டைப் பெட்டியில் 300 என்று போட்டிருந்தாலும் அடுத்தடுத்து வீடுகள் ஒட்டிய தெருவில் 30, 50-க்கு மேல் தருவது அபூர்வம். அந்த அலையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. கொசப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில் பதினைந்து, இருபது வைஃபை அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள டூயல் பேண்ட் பாக்ஸ் கேட்டு வாங்குங்கள். ஐந்நூறோ ஆயிரமோ கூடக் கேட்டாலும் தகும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் தடித்த செங்கல் சுவர் இரண்டு குறுக்கே வந்தால் பின்கட்டில் சிக்னல் இருக்காது. அங்கே, பல பாக்ஸ்கள் சேர்ந்து சிக்னல் பரப்பும் மெஷ் வாங்கும் முன் ஒரு லேன் கேபிளைப் பின்கட்டுவரை இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது வைஃபை மட்டும் பரப்பும் பாக்ஸாக, வையுங்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும், விலையும் குறைவு. டிவி, டெஸ்க்டாப் போன்ற நகராத கருவிகளையும் கேபிளில் போட்டுவிட்டால் வைஃபை போன்களுக்கு மிஞ்சும்.

பாக்ஸை எங்கே மாட்டுகிறார்கள் என்று நின்று பாருங்கள். லைன் உள்ளே வரும் ஜன்னலோரம், ஷீட் போட்ட வராண்டா, பரண், இன்வெர்ட்டருக்கு மேல் என்று வசதிக்கு மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக 40 டிகிரி வரைதான் வேலை செய்யும் என்று அவற்றின் விவரக் குறிப்பிலேயே இருக்கும். மே மாதம் வெளியே நாற்பதைத் தாண்டும் ஊரில் ஷீட்டுக்குக் கீழே எவ்வளவு இருக்கும்? மதியம் மட்டும் நெட் கட்டாகி மாலையில் தானாக வந்தால் லைன்மேனைக் கூப்பிடும் முன் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள்.

ஃபைபர் வயரில் பார்க்க வேண்டியது மூன்று. பாக்ஸில் லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை. அணில் கடித்ததோ, கம்பத்தில் அறுந்ததோ. இரண்டாவது மடிப்பு. வீட்டுக்குள் விரல் தடிமனுக்குச் சுற்றிக் கட்டிவைத்த ஃபைபரில் ஒளி கசியும். வளைவு ஒரு டம்ளர் வாயளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். மூன்றாவது கனெக்டர் நிறம். பச்சை முனை சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. பச்சையை நீலத்தில் செருகினால் ஒளி எகிறித் திரும்பி, டெசிபல் கணக்கில் இழப்பாகும். பிரவுசரில் திறக்கும் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், பாக்ஸுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. மைனஸ் 15 முதல் 24 வரை நிம்மதி. மைனஸ் 27 ஜிபானில் கடைசி எல்லை. மூன்று டெசிபல் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. இணைப்பு கொடுத்த அன்றே இந்த எண்ணைக் குறித்து வைத்தால், மழைக்குப் பிறகு நெட் விட்டுவிட்டு வரும்போது கோளாறு எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏர்ஃபைபர் பற்றிச் சுருக்கமாக. ஃபைபர் எட்டாத அணைக்கட்டு, அமிர்தி பக்கத்து கிராமங்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் 5ஜி டவர் தன் நேரத்தில் பெரும்பங்கை டவுன்லோடுக்கே ஒதுக்குகிறது, அதனால் அப்லோடு எப்போதும் கீழே நிற்கும்; டவரில் கூட்டம் கூடினால் பிங்கும் அலைபாயும். மலை சூழ்ந்த ஊர் என்பதால் டவர் கண்ணுக்குத் தெரிகிற மூலையில் டப்பா மாட்டச் சொல்லுங்கள். ஃபைபர் கிடைக்கும் தெருவில் இதை எடுக்கச் சொல்லமாட்டேன்.

காட்பாடியில் விஐடி மாணவர்கள் தங்கும் பிஜி வீடுகளுக்கு 100 எம்பி போதாது என்று நினைப்பவர்கள், பிளானை 300 ஆக்கும் முன் பாக்ஸை மாற்றிப் பாருங்கள். பதினைந்து பேருக்கு ஆளுக்கு ஒரு எச்டி வீடியோ என்றால் 75 மெகாபிட்தான். ஒற்றை பேண்ட் பாக்ஸ் ஒன்றில் முப்பது கருவி தொங்குவதும், ஒருவர் மட்டும் டோரன்ட்டில் அப்லோடு முழுவதையும் பிடித்துக்கொள்வதும்தான் பெரும்பாலும் சிக்கல்.

விலையும் கேட்க வேண்டியதும்

ஜியோவின் 100 எம்பி பிளான் விளம்பர விலை 699, அப்லோடும் 100. ஏர்டெல்லில் 799. இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி மேலே வரும். 699 என்பது கையை விட்டுப் போகும்போது 824 ரூபாய் 82 காசு. பிஎஸ்என்எல் ஃபைபர் பல இடங்களில் உள்ளூர் பார்ட்னர் மூலம் வருகிறது. எனவே சேவையின் தரம் அந்தத் தெருவின் பார்ட்னரைப் பொறுத்தது, பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு எடுங்கள். கேபிள்காரர் விலை பேச்சுக்கு உட்பட்டது. ஆறு மாதம் மொத்தமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் மாதம் மட்டும் கட்டி, இரவு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.

அன்லிமிடெட் என்ற பிளானுக்கும் எல்லை உண்டு, பல கம்பெனிகளில் மாதம் 3,300 ஜிபி. பயப்பட வேண்டாம்: 100 மெகாபிட்டில் இடைவிடாமல் 73 மணி நேரம் இழுத்தால்தான் அது தீரும். ஒரு டிவியில் தினம் நான்கு மணி நேரம் ஃபுல் எச்டி பார்த்தால் மாதம் 270 ஜிபி. ஆனால் கேபிள்காரர் பிளானில் எல்லை 500 ஜிபியாக இருக்கலாம், தாண்டியதும் வேகம் 2 மெகாபிட்டுக்கு இறங்கலாம். 2 மெகாபிட் என்பது 2023-ல் மத்திய அரசு பிராட்பேண்டுக்கு வைத்த குறைந்தபட்ச அளவு. அதற்கு முன் 512 கிலோபிட். எல்லை எவ்வளவு, தாண்டினால் எவ்வளவு என்று வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓஎன்டி யாருடையது, டெபாசிட் திரும்புமா, டூயல் பேண்டா என்பதும் அதே மெசேஜில் வரட்டும்.

கடையிலோ வீட்டிலோ கேமரா காட்சியைப் பதியும் டிவிஆர் வைத்து வெளியிலிருந்து கேமரா பார்ப்பவர்கள் பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி, கேளுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN) ஐபி, அதாவது ஆபரேட்டர் கொடுத்த முகவரி, 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. அதில், வெளியிலிருந்து வரும் இணைப்பை டிவிஆருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் வேலை செய்யாது. டிவிஆரின் பி2பி ஆப் வழியாகத்தான் பார்க்க முடியும், அல்லது மாதக் கட்டணத்தில் மாறாத தனி முகவரியான ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும்.

மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நாளுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். பாக்ஸ் அடாப்டரில் எழுதிய ஆம்பியர் 1-ஆ 2-ஆ என்று பார்த்து அதற்கு ஈடாக. ஆபரேட்டர் அறைக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம் என்பது ஃபைபரின் பெரிய வசதி. அவர் அறையில் பேட்டரி இருந்தால், தெருவே இருட்டாக இருந்தாலும் உங்கள் மீட்டிங் ஓடும். அவரிடம் எத்தனை மணி நேர பேக்கப் இருக்கிறது என்பதையும் பிளான் கேட்கும்போதே கேட்டுவிடுங்கள்.